இரண்டு வீட்டு இராச்சோறு

மகன், ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். சுகமா என்று கேட்கப் போவதில்லை. உன் சுகம் எனக்குத் தெரியும். நெஞ்சுக்குள் எரிவு, தொண்டைவரை புளிப்பு, படுத்தால் இருமல், காலையில் எழும்பியதும் மருந்துக் குளிசை ஒன்று, பகலில் கேட்பார் இல்லாமல் இன்னும் இரண்டு. நீ ஒலுவிலில் கலியாணம் முடித்துப் போய் மூன்று வருடம். இந்த வயிற்று வருத்தத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டு உன் பெண்வீட்டாரைக் குற்றம் சொல்ல வாப்பா பேனையைத் தூக்கிவிட்டார் என்று நீ நினைப்பாய். குற்றம் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதில் பாதிதான் ஒலுவிலுக்குப் போகும். மற்றப் பாதி கல்முனையில், இந்த வீட்டில், என் தலைமேல் கிடக்கிறது.

இதை உறைக்குள் போட்டு ஒட்டி உன் கையில் தராமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ ஒவ்வொரு நாளும் இரண்டு வீட்டில் இராச் சாப்பாடு சாப்பிடுகிறாய். போன் திருத்துகிற உன் கடையைப் பூட்டிவிட்டு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் உன் உம்மாவின் கையால் ஒரு தடவை. பிறகு நிறைந்த வயிற்றோடு மோட்டார் சைக்கிளில் குனிந்துகொண்டு காரைதீவு, நிந்தவூர் எல்லாம் தாண்டி ஒலுவிலுக்குப் போய், ஒன்பதரை மணிக்கு உன் பெண்சாதியின் கையால் இன்னொரு தடவை. கை கழுவிய ஈரம் காயுமுன் படுக்கை. இது உனக்கும் எனக்கும் உன் உம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விசயமாக இருந்தது. உன் மனைவிக்குத் தெரியாது, உன் மாமிக்குத் தெரியாது, உன்னைச் சோதித்த டொக்டருக்கும் தெரியாது. இனித் தெரியட்டும். மறைத்து மறைத்துத்தான் உன் வயிற்றில் புண் வந்தது.

எங்கள் பக்கத்துக் கலியாணம் எப்படியென்று வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போகிறான். நானும் அப்படித்தான் நற்பிட்டிமுனையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தேன். வந்தவனுக்குச் சாப்பாடு போடுவது பெண்வீட்டின் மானம். மாப்பிள்ளையின் பீங்கானில் சோறு மிஞ்சினால் குசினிக்குள் குசுகுசுப்புத் தொடங்கும். கறியில் உப்பா, மனதில் குறையா என்று ஆராய்வார்கள். அதனால் அவன் பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தின்ன வேண்டும். மறுத்தால் கோபக்காரன் என்பார்கள், தின்றால் நல்ல மாப்பிள்ளை என்பார்கள். நல்ல மாப்பிள்ளை என்று பெயர் எடுத்தவர்கள் எத்தனை பேர் நாற்பது வயதுக்குள் நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிகிறார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் கலியாண வீடுகளுக்குச் சமைத்தவன் நான். அவர்களுக்கு ஆக்கிப் போட்டதே இந்தக் கைதான்.

அந்தக் கையை உன் கலியாணத்தில் கட்டிப் போட்டார்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. உன் மாமனார் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, "மச்சான், நீங்க மாப்பிள்ளட வாப்பா. அண்டைக்குச் சட்டை கசங்காம நிக்கணும். நீங்க கரண்டியோட நிண்டா எங்களுக்குத்தானே வெக்கம்" என்றார். வெட்கமாம். என் மகனின் கலியாணச் சோற்றை நான் ஆக்குவது அவருக்கு வெட்கமாம். வெளியூரிலிருந்து சமையல் ஆட்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சோறு குழைந்திருந்தது. இறைச்சியில் ஏலக்காயை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான்தான் சொன்னேன். நீ என்னைப் பார்த்து, "வாப்பா, இண்டைக்கு மட்டும் விட்டிருங்க" என்றாய். அன்றைக்கு மட்டும் விட்டேன்.

எட்டாம் நாள் கடை பூட்டிவிட்டு எங்களைப் பார்க்க வந்தாய். உன் உம்மா பிட்டு அவித்து, மீன் ஆணம் வைத்து, மாசிச் சம்பல் இடித்து மேசையில் மூடி வைத்திருந்தா. நீ மூடியைத் திறக்கவில்லை.

"மாமி பாத்துக்கிட்டு இரிப்பாங்க வாப்பா. ஒரு பிளேன்டி மட்டும் போதும்."

"அப்ப நாங்க என்ன, ரோட்டுல போற ஆக்களா?"

"அப்பிடிச் சொல்லல வாப்பா."

"பகலிலிருந்து அடுப்படியில நிண்டவ உன்ட உம்மா. பிளேன்டிய ஊத்திக்கிட்டு எழும்பிப் போறத்துக்கு இதென்ன தேத்தண்ணிக்கடையா?"

நீ உட்கார்ந்து தின்றாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் பசிக்காக அந்தப் பிட்டை உனக்கு நான் போடவில்லை. ஒலுவில்காரர் என் கரண்டியைப் பறித்தார்கள், நான் என் மகனின் வயிற்றை விட்டுக் கொடுக்கவில்லை என்ற திமிரில் போட்டேன். மறுநாளும் வந்தாய், அதற்கு மறுநாளும் வந்தாய். அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. இங்கே வந்து வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. பிள்ளை வாயில்லாதவனாக வளர்ந்துவிட்டான் என்று உன் உம்மாவிடம் குறைப்பட்டேன். உன் வாயைச் சோற்றால் அடைத்தது நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்தது நீ தின்கிற வேகம். அதற்கு உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேரை இருத்தி, நடுவில் இறைச்சியைக் குவித்து வைத்தால் எவன் மென்று தின்பான்? பத்தே நிமிடத்தில் தட்டின் அடி தெரியும். மெதுவாகத் தின்கிறவனுக்காக மற்ற ஐந்து பேரும் கை காய இருக்க வேண்டும். அந்த வெட்கத்திலேயே அவனும் விழுங்குவான். உன் பெண்வீட்டு விருந்தில் உன் மச்சான் உன்னைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது: "என்ன மாப்பிள்ள, சோத்துக்கு முன்னால குந்தி ஓதுறீங்களா? இறைச்சி தானா நடந்து வாய்க்குள்ள வராது." எல்லோரும் சிரித்தார்கள். நீ அன்றைக்குத் தொடங்கிய வேகத்தை இன்னும் குறைக்கவில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டுக்கு என்று ஜும்ஆவில் கேட்கிறோம், தலையை ஆட்டுகிறோம், பள்ளிவாசலை விட்டு வெளியே வந்து மூன்று பங்கையும் சோற்றாலேயே நிரப்புகிறோம். அதற்குமேல் ஒரு சோடா. ஏவறை வந்ததும் செமித்துவிட்டது என்று நினைக்கிறோம். குடித்த காற்றுத்தான் திரும்பி வருகிறது. சோறு போட்ட இடத்திலேயே கிடக்கிறது. வாயில் மெல்லாததை வயிறுதான் மெல்ல வேண்டும், அதற்குப் பல் கிடையாது. ஒரு கவளத்தை வாயில் போட்டால் அது கூழாகும்வரை அடுத்த கவளத்துக்குக் கை போகக் கூடாது. மச்சான் சிரித்தால் சிரிக்கட்டும். அவனுடைய வயிறும் ஒரு நாள் அவனோடு கதைக்கும்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அறுவடை முடிந்து சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு வயல்காரர் கொடுத்த விருந்துக்கு ஆக்கிக்கொண்டிருந்தேன். நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். சட்டி தூக்கித் தூக்கி முழங்கால் போயிருந்தது. வலிக் குளிசையை வெறும் பிளேன்டியோடு மாதக்கணக்கில் விழுங்கினேன். ஆக்குகிறவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லை. உப்புப் பார்க்கிறேன், உறைப்புப் பார்க்கிறேன் என்று காலையிலிருந்து நக்கிக்கொண்டு, உருப்படியாகச் சாப்பிட உட்காரும்போது பின்நேரம் நாலு மணி. நாலைந்து நாளாக மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. ஈரல் தின்றதால் என்று நினைத்து ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றைக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே வாந்தி வந்தது, கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றினது மாதிரி. வயல்காரர்தான் வாடகை வான் பிடித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது. அங்கே கட்டிலில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரரிடம் வாங்கி வாசித்த உடல்நலப் புத்தகம்தான் என் பள்ளிக்கூடம். அதன் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், மருந்துக்கடையில் நிற்கிறவர்களைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணினேன். இவ்வளவும் தெரிந்த நான்தான் உன்னை ஒவ்வொரு நாளும் மேசையில் இருத்தினேன். தெரியாமல் செய்கிறவனுக்குச் சாட்டு இருக்கிறது. எனக்கு இல்லை.

இந்த நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை நீ கடையில் வாந்தி எடுத்தாய். நோன்பு மாதம் முழுக்க நீ செய்தது அதைத்தான் கேட்டு வாங்கினது. பாங்கு சொன்னதும் ஐஸ் போட்ட சர்பத், கடையிலேயே ரோல்ஸும் சமூசாவும், அதன்மேல் கஞ்சி, எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் சோறு, பத்து மணிக்கு ஒலுவிலில் சோறு, விடியுமுன் ஸஹர்ச் சாப்பாடும் முடித்துவிட்டு, ஸுப்ஹு தொழுத கையோடு திரும்பவும் படுக்கை. பகல் முழுக்கச் சும்மா கிடந்த வயிற்றை இப்படியா எழுப்புவது? பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி. எழும்பித் தொழுதுவிட்டு வந்து, அதற்குப் பிறகும் பசித்தால் அளவாகச் சோறு. எண்ணெயில் பொரித்ததை மாதத்துக்கு நாலு தடவைக்கு மேல் தொடாமல் இருந்தால் நோன்பு முறிந்துவிடாது.

ஆஸ்பத்திரியில் வாயால் கமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அடுத்த கிழமை முடிவு சொல்லக் கூப்பிட்ட நேரம் நீ, உன் மனைவி, நான், மூன்று பேரும் டொக்டருக்கு முன்னால் இருந்தோம். இளம் பெண்; ஆனால் கண் கூர்மை.

"இராவைக்கு எத்தினை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

நீ என்னைப் பார்த்தாய். மருமகள்தான் பதில் சொன்னாள். "ஒன்பதரை ஆகும் டொக்டர். கடை பூட்டி வரணுமே."

"எவ்வளவு சாப்பிடுவார்?"

"எங்க டொக்டர்! எட்டு இடியப்பம் வச்சா அஞ்சுதான். குருவி மாதிரித்தான் தின்றாரு."

டொக்டர் உன் வயிற்றைப் பார்த்தா. அது மேசை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. "குருவிக்கு இந்த வண்டி வயிறு எங்கால வந்தது?" என்று கேட்டா. மருமகள் சிரித்தாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன் மகன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அந்தச் சிரிப்புத்தான். எட்டு மணிக்கு என் வீட்டில் ஒரு சாப்பாடு முடித்துவிட்டுத்தான் இவன் அங்கே போகிறான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், டொக்டர் கணக்கை அப்போதே சரியாகப் போட்டிருப்பா. சொன்னால் உன் மாமி வீட்டில் என் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரைப்பைக்கு மேல் ஒரு வாசல் இருக்கிறது, வயிறு நிறைந்த கையோடு படுத்தால் அது சரியாகப் பூட்டாது, புளிப்பு மேலே ஏறிக் குழாயை அரிக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினா. உள்ளே ஒரு புண்ணும் இருக்கிறது, இப்படியே போனால் இரத்தம் கசியும் என்றா. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கசிந்தால் என்னவென்று அந்த அறையில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து உன் உம்மாவிடம் சொன்னேன். அவ அழுதா. அழுது முடித்துவிட்டு அடுத்த நாள் உனக்குப் பத்தியம் ஆக்கினா. குழைந்த கஞ்சி, அதற்குள் உள்ளி, வெந்தயம், தேங்காய்ப்பால். பக்கத்தில் உறைப்பில்லாமல் மீன். கடைசியில் எருமைத் தயிர். நீ "வயிறு நிறைஞ்சிற்று உம்மா" என்றாய். "இது சோறில்ல மனே, மருந்து" என்று இன்னும் ஒரு அகப்பை ஊற்றினா. ஒலுவிலிலும் அதே கூத்து நடந்தது. உன் மாமி மல்லி அவித்து, இஞ்சி தட்டிப் போட்டு, முருங்கைக் கீரையில் பால் ஆணம் வைத்துக் காத்திருந்தா. டொக்டர் சாப்பாட்டைக் குறைக்கத்தான் சொன்னா; நாங்கள் இரண்டு வீட்டாரும் பெயரை மாற்றினோம். முன்பு இரண்டு சோறு தின்றாய், இப்போது இரண்டு பத்தியம் தின்றாய். மருந்து ஒரு பக்கத்தால் புண்ணை ஆற்றப் பார்த்தது, நாங்கள் மறுபக்கத்தால் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

போன திங்கட்கிழமை பகல் உன் மனைவி எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, ஒண்டு கேப்பன், மறைக்காமச் சொல்லணும்."

"சொல்லு புள்ள."

"அவருக்கு என்ட கைச் சாப்பாடு பிடிக்கல்லையா? எல்லாம் உறைப்பில்லாமத்தான் வைக்கிறன். நாலு வாய் திண்டுட்டு நெஞ்சத் தடவுறாரு. நான் ஒழுங்கா ஆக்கல்ல எண்டு உம்மா என்னைத்தான் ஏசுறா."

"கடையில என்னத்தையும் திண்டிருப்பான்."

"கடையில ஒண்டும் தின்னல்ல எண்டு சத்தியம் பண்றாரு மாமா."

"அப்ப அவனையே கேளு" என்று போனை வைத்துவிட்டேன். நீ பொய்ச் சத்தியம் பண்ணவில்லை. கடையில் நீ ஒன்றும் தின்னவில்லைதான். உன் வாப்பா வீட்டில் தின்றாய். அந்தப் பிள்ளை தன் கையில் குறை என்று தேடிக்கொண்டிருக்கிறாள், குறை என் வீட்டு மேசையில் மூடி வைத்திருக்கிறது. அவளுடைய வாப்பாவோடு எனக்கு இன்னும் கோபம்தான். அந்தக் கோபத்தை அவள் தலையில் நான் இறக்கியிருக்கத் தேவையில்லை.

போனை வைத்த கையோடு உன் உம்மாவிடம் சொன்னேன், "இனி அவனுக்கு இராவைக்கு இஞ்ச சோறு வைக்காதே."

"அப்ப அவன் என்னத்துக்கு வருவான்?" என்று கேட்டா.

"சோத்துக்கு வாறவன் எண்டா வராம இரிக்கட்டும்" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். ஆனால் அவ கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. என்னத்துக்கு வருவாய்? மூன்று வருடத்தில் நீயும் நானும் சாப்பாட்டைத் தவிர வேறு எதைப் பற்றிக் கதைத்தோம்? மீன் நல்லதா, சோறு இன்னும் போடவா, கறி எப்படி. நீ மேசையில் இருப்பாய், நான் எதிரில் நிற்பேன், உன் உம்மா அகப்பையோடு நிற்பா. பீங்கான் வெறுமையானதும் எழும்புவாய். சோற்றை எடுத்துவிட்டால் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குத்தான் உன் வயிற்றைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே சொல்வதைக் கேள். கடையை ஏழு மணிக்குப் பூட்டு. போனை நாளைக்கும் திருத்தலாம். எட்டு மணிக்குள் ஒலுவிலில் சாப்பிட்டு முடி. எட்டு இடியப்பம் வைத்தால் நாலு போதும், அதையும் மென்று தின். சாப்பிட்டதும் படுக்காதே, கடற்கரை பக்கத்தில்தானே, மெதுவாக ஒரு சுற்று நடந்துவிட்டு வா. ஓடாதே, நட. படுக்க மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டும். தலையணையை அடுக்காதே, அது வயிற்றை மடித்து இன்னும் அழுத்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு செங்கல் வைத்து உயர்த்து, இடப்பக்கம் சரிந்து படு. இறுக்கமான பெல்ட்டைக் கழற்றி எறி. உன் பெண்சாதி காலையில் கட்டித் தருகிற பார்சலை மூன்று மணிக்குத் தின்கிறாய், சில நாள் அதைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிட்டுக் கொத்து ரொட்டி வாங்கித் தின்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு மணிக்கு அதைத்தான் தின்ன வேண்டும். மத்தியானச் சோற்றுக்காவது இங்கே வரட்டும் என்று உன் உம்மா கேட்டா. வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பார்சலிலும் நான் பங்கு கேட்கமாட்டேன். வெறுவயிற்றில் பிளேன்டி குடித்துக் குடித்து வேலை செய்யாதே. கடைக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிப்பதும் எனக்குத் தெரியும். அதை விடு, அந்தப் புகை வயிற்றின் வாசலை இன்னும் தளர்த்தும். இஞ்சி, மல்லி, ஓமம் எல்லாம் நல்லதுதான், ஆனால் நிறைந்த வயிற்றை அவை வெறுமையாக்கித் தராது. உனக்கு எது தின்றால் எரிகிறது என்று நீயே கவனி. எனக்குப் புளி ஆகாது, உனக்குப் பொரியல் ஆகாமல் இருக்கலாம்.

டொக்டர் தந்த குளிசையைச் சொன்ன நேரத்தில், சொன்ன நாள்வரை போடு. நடுவில் சுகமாகிவிட்டது என்று நிறுத்தாதே, முடிந்த பிறகு நீயாக மருந்துக்கடையில் வாங்கி இழுத்துக்கொண்டு போகாதே. தலையிடிக்கு, முதுகுவலிக்கு என்று கண்ட வலிக் குளிசையை விழுங்காதே. அதன் முடிவை நீ என்னில் பார்த்தவன். மலம் கறுத்தால், வாந்தியில் நிறம் மாறினால், விழுங்கும்போது சிக்கினால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நெஞ்சு இறுகி, வியர்த்து, தோள்பக்கம் வலி இறங்கினால் வாயு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிராதே. வீட்டில் யாரையாவது எழுப்பி உடனே போ. வெட்கப்படாதே. அடுத்த முறை டொக்டர் கேட்டால் உண்மையைச் சொல். எனக்காக மறைக்காதே. நானே கூட வந்து சொல்வேன். உன் மாமனாரும் பக்கத்தில் இருக்கட்டும்.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கலியாணச் சோறு குழைந்திருந்தது என்பதையும் திருப்பி எடுக்க மாட்டேன். மருமகளிடம் மட்டும் கேட்கிறேன்: புள்ள, உன் கையில் குறை இல்லை. அவன் உன்னிடம் வரும்போதே வயிறு நிறைந்திருந்தான். நிறைத்தது நாங்கள். இனி அவனைப் பசியோடு அனுப்புகிறேன்.

இன்றிலிருந்து இராவைக்கு எங்கள் வீட்டில் உனக்குச் சோறு இல்லை மகன். கஞ்சியும் இல்லை, பத்தியமும் இல்லை, ஒரு வாய் மட்டும் என்று எதுவும் இல்லை. உன் உம்மா அழுவா. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏழு மணிக்குக் கடை பூட்டினால் ஒலுவிலுக்குப் போகிற வழியில் உனக்குக் கால் மணித்தியாலம் இருக்கும். அந்த நேரத்துக்கு நீ வருவாயா, நேரே போய்விடுவாயா என்று எனக்குத் தெரியாது. வா என்று கூப்பிடவும் மாட்டேன். கூப்பிட்டு வருகிறவனைத்தான் மூன்று வருடமாகப் பார்த்தேன். வந்தால் உட்கார். உனக்கு முன்னால் மேசை வெறுமையாக இருக்கும், நான் என்ன கதைப்பது என்று தெரியாமல் இருப்பேன். நீ ஏதாவது கதை.